ஆறு தரும் மணலும் நாம் அள்ளும் மணலும்



மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு முகத்துவாரத்தில் நம் காலடியில் கிடக்கும் மணல் ஒரு காலத்தில் பாறையாக இருந்தது. அந்தப் பாறை எங்கே இருந்தது, அது எவ்வளவு வேகத்தில் தேய்கிறது, ஆறுகள் ஆண்டுக்கு எவ்வளவு மணலை இந்த வாவிக்குக் கொண்டுவருகின்றன என்று கேட்டால் நம்மில் பலரும் மௌனமாகிவிடுவோம். வெள்ளம் வந்த ஆண்டில் நிறைய வரும், வராத ஆண்டில் குறைய வரும் என்போம். அதற்கு மேல் போகமாட்டோம். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு எண்ணிலேயே விடை சொல்லும் முறை ஒன்று இன்று உலகில் இருக்கிறது. அது நம் இலங்கை மலைகளிலேயே பயன்பட்டும் இருக்கிறது. அந்த முறையைப் பற்றியும், அதனால் நம் வாவிக்கு என்ன பயன் என்பதைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் வானத்திலிருந்து தொடங்க வேண்டும். 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஒஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறி ஐயாயிரம் மீற்றருக்கு மேல் சென்றார். உயரப் போகப் போகக் கதிர்வீச்சுக் கூடுவதைக் கருவிகளில் கண்டார். அந்தக் கதிர்கள் பூமியிலிருந்து வரவில்லை, வெளியண்டத்திலிருந்து வருகின்றன என்பது அப்போதுதான் புலப்பட்டது. அண்டக் கதிர்கள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். பெரும்பாலும் புரோத்தன்களாகிய இவை மேல் வளியில் அணுக்களைத் தாக்கி நியூத்திரன்களைச் சிதறடிக்கின்றன. அந்த நியூத்திரன்களில் ஒரு சிறு பங்கு தரைவரை வந்து, நாம் நிற்கும் பாறைக்குள்ளும் புகுகிறது.

நம் ஆற்று மணலில் மிகுதியாக இருப்பது குவாட்சு. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். வேகமான ஒரு நியூத்திரன் ஒட்சிசன் அணுவின் கருவை உடைத்தால், உடைசலாக எப்போதாவது பெரிலியம்-10 பிறக்கும். சிலிக்கன் உடைந்தால் அலுமினியம்-26 பிறக்கும். இரண்டும் கதிர்த்தொழிற்பாடு உள்ளவை, காலப்போக்கில் அழிபவை. பெரிலியம்-10இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் ஆண்டு. அலுமினியம்-26க்கு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு. நம் பாறைகளின் வயதோ பல பத்துக் கோடி ஆண்டுகள். ஆகவே பாறை பிறந்தபோது இவற்றில் ஏதும் இருந்திருந்தாலும் அது எப்போதோ அழிந்திருக்கும். இன்று மணலுக்குள் காணப்படுவது, அந்த மணல் நிலத்தின் மேற்பரப்பை அண்டியிருந்த காலத்தில் சேர்ந்தது.

சேரும் அளவு மிகச் சிறியது. நம்மைப்போல் பூமத்திய கோட்டுக்கு அண்மையில், கடல்மட்டத்தில் இருப்பவர்களின் மணலில், ஒரு கிராம் குவாட்சுக்கு ஓராண்டில் மூன்று பெரிலியம்-10 அணுக்கள் பிறந்தாலே பெரிது. பூமியின் காந்தப்புலம் இங்கே கதிர்களைக் கூடுதலாகத் திருப்பிவிடுகிறது. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி உயரத்தில் காற்றின் போர்வை மெலிது என்பதால் இது இரண்டு மூன்று மடங்காகும். மூன்று அணு என்றேன். அந்த ஒரு கிராமில் இருக்கும் மொத்த அணுக்களை எழுத மூன்றுக்குப் பின் இருபத்திரண்டு சுழியம் வேண்டும். அதற்குள் இந்தச் சில அணுக்களை எண்ணியாக வேண்டும்.

எப்படி எண்ணுவது? மணலைச் சலித்து, அமிலங்களில் பலமுறை கழுவி, ஏனைய கனிமங்களையும், மழைநீரோடு வந்து மேலே ஒட்டிக்கொண்ட பெரிலியத்தையும் நீக்கித் தூய குவாட்சை மட்டும் எடுப்பார்கள். அதை ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பெரிலியத்தைப் பிரிப்பார்கள். பிறகு ஆர்முடுகித் திணிவு நிறமாலைமானி என்ற பெரிய பொறியில் அணுக்களை வேகப்படுத்தித் திணிவுவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். இந்தப் பொறி 1970களின் பிற்பகுதியில் உருவானது. அதற்கு முன்னர் கோட்பாடு இருந்தது, எண்ணக் கருவி இல்லை.

அந்தக் கோட்பாட்டைக் கட்டியவர்களில் முதன்மையான ஒருவர் நம் அயல்நாட்டவர் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிய வேண்டும். வாரணாசியில் 1929இல் பிறந்த தேவேந்திர லால், பம்பாயின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பெர்னார்ட் பீற்றர்சுடன் சேர்ந்து, அண்டக் கதிர்கள் பூமியில் என்னென்ன சமதானிகளை எவ்வளவு உண்டாக்கும் என்று 1950களிலேயே கணக்கிட்டார். பின்னர் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுகூடத்தை வழிநடத்தினார். தரை தேயும் வேகத்தை இந்த அணுக்களைக் கொண்டு கணிக்கும் சமன்பாடுகளை அவர் 1991இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறைக்கு அடித்தளம். 

இனி, அணுவின் எண்ணிக்கை எப்படித் தேய்வின் வேகமாகிறது என்பதைச் சொல்கிறேன். கோயில் வாசலில் வைத்த உண்டியலை நினையுங்கள். நாளொன்றுக்கு விழும் காசு ஏறத்தாழ ஒரே அளவு என்றால், திறந்து எண்ணியதும் அது எத்தனை நாள் அங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். மணல்மணி ஒவ்வொன்றும் அப்படித்தான். நியூத்திரன்கள் பாறைக்குள் அதிக ஆழம் போவதில்லை. அறுபது சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்பட்டுவிடும். ஆகவே ஒரு மணி அணுக்களைச் சேர்ப்பது பெரும்பாலும் அது அந்த மேலடுக்கைக் கடந்துவரும் காலத்தில்தான். மலை மெல்லத் தேய்ந்தால் மணி நெடுங்காலம் அங்கே இருந்து நிறைய அணுக்களைச் சேர்க்கும். விரைவாகத் தேய்ந்தால் குறைவாகச் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடும். ஆறோ தன் நீரேந்துப் பரப்பு முழுவதிலிருந்தும் மணிகளைக் கொண்டுவந்து கலந்து வைத்திருக்கிறது. ஒரு பிடி ஆற்று மணலை அளந்தால் அந்த முழுப் பரப்பின் சராசரித் தேய்வு கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பத்து மில்லிமீற்றர் தேயும் மலை என்றால், அறுபது சென்ரிமீற்றர் தேய அறுபதாயிரம் ஆண்டு வேண்டும். அத்தனை ஆண்டுகளின் சராசரியை அந்தப் பிடி மணல் சொல்கிறது. வெள்ளம் வந்த ஆண்டு, வராத ஆண்டு என்ற ஏற்ற இறக்கமெல்லாம் அதில் கரைந்துவிடும்.

இதே அணுக்கள் வேறொரு கணக்கையும் தரும். சென்னைக்கு அருகே கொசத்தலையாற்றுப் பக்கத்தில் அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் புவியியலாளர் றொபேட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்ட இடம். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அங்கே மண்ணுக்குள் புதைந்திருந்த குவாட்சைற்றுக் கருவிகளில் அலுமினியம்-26ஐயும் பெரிலியம்-10ஐயும் அளந்தார்கள். ஆழப் புதைந்த பிறகு புதிய அணுக்கள் ஏறத்தாழச் சேர்வதில்லை. அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் அழியும். இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். அந்தக் கருவிகள் 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலானவை, சராசரியாக 15 இலட்சம் ஆண்டு அளவிலானவை என்று 2011இல் அறிவித்தார்கள். தமிழ் நிலத்தின் மனித வரலாற்றை அத்தனை பின்னால் கொண்டுபோனது ஒரு கல்லுக்குள் இருந்த சில அணுக்களின் கணக்கு.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

திலக் ஹேவாவசம் என்ற இலங்கை ஆய்வாளர், பிரீட்ஹெல்ம் பொன் பிளாங்கன்பேர்க் முதலானோருடன் சேர்ந்து, மேல் மகாவலியின் கிளையாறுகளில் மணல் எடுத்துப் பெரிலியம்-10ஐ அளந்தார். முடிவுகள் 2003இலும் 2004இலும் வெளிவந்தன. உலகம் எதிர்பார்த்தது வேறு. செங்குத்தான மலை, கொட்டும் மழை, வெப்பம், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் தேய்வு மிக வேகமாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அளந்தபோது கிடைத்தது சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன் மட்டுமே. பாறையாகக் கணக்கிட்டால் ஆயிரம் ஆண்டுக்கு ஐந்து முதல் பதினொரு மில்லிமீற்றர். ஈரமான வெப்ப வலய மலை ஒன்றுக்கு இது வியக்கத்தக்க அளவு குறைவு. மழை மட்டும் மலையைக் கரைத்துவிடாது என்று அந்த மணல் காட்டியது. மலைநாட்டைக் கீழிருந்து உயர்த்தும் நில அசைவு இல்லாதபோது, தடித்து உக்கிய மண்ணும் அதைப் பிடித்திருக்கும் காடும் சேர்ந்து மலையைக் காத்துவிடுகின்றன.

அதே ஆறுகள் இன்று சுமக்கும் வண்டலையும் ஒப்பிட்டார்கள். சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 130 முதல் 2,100 தொன். பயிர்நிலத் துண்டுகளில் மண்ணிழப்பு 7,000 தொன் வரை போயிருந்தது. காட்டை அழித்துக் கோப்பி, அது நோயில் அழிந்த பின் தேயிலை, பின்னர் மரக்கறி என்று மலைச்சரிவைத் திறந்துவிட்ட இரண்டு நூற்றாண்டின் விளைவு இது. இந்தச் சரிவுகளில் உழைத்த மலையகத் தமிழ் மக்களின் தலையில் இதைச் சுமத்த முடியாது. எந்தச் சரிவில் எதை நடுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

7,000 தொன் என்பதைச் சற்று நின்று யோசியுங்கள். ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் மண். இயற்கை அதே அளவு மண்ணை உண்டாக்க எவ்வளவு காலம் வேண்டும்? ஆண்டுக்கு 30 தொன் என்றால் 230 ஆண்டு. 13 தொன் என்றால் 540 ஆண்டு. ஓர் ஆண்டில் போன மண், நம் கொப்பாட்டனின் கொப்பாட்டன் காலத்திலிருந்து சேர்ந்த மண். இதை அளக்கும் முறை வருவதற்கு முன்னர், மண்ணரிப்பு மோசம் என்று நாம் பொதுவாகச் சொன்னோம். எவ்வளவு மோசம் என்று சொல்ல இயற்கையின் அளவுகோல் நம்மிடம் இருக்கவில்லை. அந்த அளவுகோலைத் தந்ததுதான் இந்த ஆய்வின் பெறுமதி. இலங்கையில் செய்யப்பட்ட புவியியல் ஆய்வுகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இது.

மலைநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மகாவலியின் கிளை வெருகலாறாகி நம் மாவட்டத்தின் வட எல்லையில் கடலைச் சேர்கிறது. மகாவலி நீர் உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் வழியாகச் சுரங்கத்தில் மாதுறு ஓயாவுக்கும் வருகிறது. மலையும் நாமும் தண்ணீரால் கட்டுண்டிருக்கிறோம். ஆனாலும் நம் வாவியை ஊட்டும் ஆறுகள் வேறு. முந்தனையாறு, மகிழவெட்டுவான் ஆறு, நவகிரி ஆறு ஆகியன மகா ஓயா, ஊவா அடிவாரக் குன்றுகளிலும் அவற்றின் கீழான சமநிலத்திலும் பிறப்பவை. அங்குள்ள பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்த நைசு. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு வயது சொல்லப்படும் உருமாறிய பாறை. குவாட்சு அதில் தாராளம். குடும்பிமலையும் தாந்தாமலையும் இந்தப் பாறை தேயாமல் நிமிர்ந்து நிற்கும் இடங்கள். தென் அவுஸ்திரேலியாவின் ஐயர் குடாநாட்டில் இப்படித் தனித்து நிற்கும் கருங்கல் மலைகளை இதே முறையில் அளந்தபோது, சிலவற்றின் உச்சி பத்து இலட்சம் ஆண்டுக்கு ஒரு மீற்றர்கூடத் தேயவில்லை என்று தெரிந்தது. குடும்பிமலையின் உச்சிக்கல்லிலும் அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

வாவியின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்துக்கு 120 மீற்றர் அளவு கீழே கிடந்தது. அப்போது இங்கே வாவி இல்லை. ஆறுகள் பள்ளத்தாக்கு வெட்டிக்கொண்டு கிழக்கே தூரத்துக் கடலுக்கு ஓடின. பனி உருகிக் கடல் ஏறியது. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது இன்றைய மட்டத்தை அண்மித்து, பின்னர் சற்று உயர்ந்தும் நின்று, தணிந்தது. கரையோர நீரோட்டம் மணலை நீளவாக்கில் குவித்து மேடாக்கியது. அந்த மேட்டுக்கு உள்ளே அடைபட்ட நீர்தான் ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளும் நம் வாவி. இவ்வளவு இளைய மணல்மேட்டின் வயதைக் காண பெரிலியம் உதவாது. ஒவ்வொரு மணியும் மலையிலிருந்தே பழைய அணுக்களைக் கொண்டுவருவதால் கணக்குக் குழம்பும். மேட்டுக்கு, மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் காட்டும் ஒளிர்வு முறை ஏற்றது. சேற்றுக்குள் கிடக்கும் சிப்பிகளுக்குக் காபன்-14 ஏற்றது. அதுவும் அண்டக் கதிர் உண்டாக்கிய அணுதான். அதைக் கொண்டு காலம் கணிக்கலாம் என்று காட்டிய வில்லாட் லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

கவனியுங்கள். நாவலடி, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் மக்கள் வாழும் நிலம் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணல். மணல் வரத்து நின்றால் கடல் அந்த நிலத்தைத் திருப்பி எடுக்கும். 1978 சூறாவளியையும் 2004 கடற்கோளையும் கண்ட நமக்கு, அந்த மேட்டின் உயரம் எவ்வளவு பெரிய விசயம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் ஆறுகளின் தேய்வு வேகமாக நான் மலைநாட்டு எண்ணைக் கடன் வாங்குகிறேன். சமநிலத்தில் அது கூடலாம், குறையலாம். அளவின் பருமனை உணர்வதற்காக மட்டும் இது. சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 20 தொன் என்று வைப்போம். ஆயிரம் சதுர கிலோமீற்றர் நீரேந்துப் பரப்பு ஆண்டுக்கு 20,000 தொன் தரும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் ஒன்று 13 தொன் அளவு ஈர மணலைக் கொண்டுபோகும். 20,000 தொன் என்பது 1,500 டிப்பர். நாளொன்றுக்கு நான்கு டிப்பர்! அதிலும் ஒரு பங்கு நீரில் கரைந்து போகிறது, இன்னொரு பங்கு களியாகப் போகிறது. கட்டட மணலாக எஞ்சுவது இன்னும் குறைவு. அந்த மிச்சத்திலும் ஒரு பகுதியை உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்கள் தடுத்து வைத்துக்கொள்கின்றன. காடழிந்த சரிவுகளிலிருந்து கூடுதலாக மண் வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். வருவது பெரும்பாலும் மேல்மண்ணும் களியும். அது வாவியின் அடியைத் தூர்த்து இறாலும் மீனும் வாழும் ஆழத்தைக் குறைக்கும், கரை காக்கும் மணலாகாது.

அப்படியானால் இத்தனை காலம் ஆற்றில் மணல் இருக்கிறதே, எப்படி? அது பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு. அள்ளினால் அடுத்த மாரியில் குழி நிரம்பிவிடுகிறது என்று மணல் ஏற்றுகிறவர்கள் சொல்வது கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் அந்தக் குழியை நிரப்பியது மேல்நீரோட்டத்தில் படிந்து கிடந்த பழைய மணல். மலையில் புதிதாகப் பிறந்த மணல் அல்ல. சேமிப்பு இறங்கும்போது ஆற்றின் அடி தாழும், கரை சரியும், பாலத்தின் தூண் வெளியே தெரியும், கிணற்று நீர்மட்டம் இறங்கும், வாவி உவர்நீர் ஆற்றுக்குள் மேலேறும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல்காரர்களுக்கு இந்த வரிசை தெரியும்.

வீடு கட்ட மணல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போரும் கடற்கோளும் இடித்துப்போட்ட வீடுகளை நாம் கட்டியாக வேண்டியிருந்தது, இன்னும் கட்ட வேண்டும். நான் கேட்பது அளவு. வருமானம் தெரியாமல் செலவு செய்யும் குடும்பத்தை நாம் கண்டிக்கிறோம். ஓர் ஆற்றின் வருமானத்தை அளக்கும் முறை இருந்தும் அளக்காமல் செலவு செய்வதை எப்படி ஏற்பது?

வேலை பெரியதல்ல. முந்தனையாற்றில் சித்தாண்டிக்கு மேலே ஓரிடம், மகிழவெட்டுவான் ஆற்றில் உன்னிச்சைக் குளத்துக்கு மேலே ஓரிடம், நவகிரிக் குளத்துக்கு மேலே ஓரிடம், தாந்தாமலை, குடும்பிமலை உச்சிகளில் கைப்பிடியளவு கல். ஒவ்வோரிடத்திலும் ஓரிரு கிலோ மணல் போதும். குளத்துக்கு மேலே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அணைக்கட்டுக்குக் கீழே கிடக்கும் மணல் முழு நீரேந்துப் பரப்பையும் பிரதிபலிக்காது. சலிப்பதையும் குவாட்சைப் பிரிப்பதன் தொடக்க வேலைகளையும் ஒரு பல்கலைக்கழக இரசாயனவியல் ஆய்வுகூடம் உரிய பாதுகாப்போடு செய்யலாம். வந்தாறுமூலையில் நம் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அணுவை எண்ணும் கடைசிப் படிக்குத்தான் வெளியே போக வேண்டும். அதற்கும் ஐரோப்பாவரை போகத் தேவையில்லை. புதுடெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுகி மையத்தில் பெரிலியம்-10ஐ அளக்கும் பொறி இயங்குகிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் செய்யப் பௌதிகவியலும் இரசாயனவியலும் புவியியலும் கணிதமும் ஒன்றாக வேண்டும். நால்வர் சேர்ந்தால் நடக்கும். மணல் எடுக்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், திகதி, மேலே குளம் உண்டா இல்லையா என்பதை எழுதி ஒட்டி, மணலை உலர்த்தி வையுங்கள். இன்று அளக்கப் பணம் இல்லாவிட்டாலும் பெரிலியம் காத்திருக்கும். ஆற்றின் அடியோ ஆண்டுதோறும் கலைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பெரியோர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. மணல் அகழ அனுமதிப் பத்திரம் தரும்போது எத்தனை கியூப் அள்ளலாம் என்று எழுதுகிறீர்கள். அந்த ஆறு ஆண்டுக்கு எத்தனை கியூப் தருகிறது என்பதையும் அளந்து, அதே தாளில், அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை எழுதும்படி ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் கேளுங்கள்.